ஏழால் பெருக்கச் சொன்ன அக்கா

ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பத்தேழு. பொங்கோல் வட்டாரத்தில் இருக்கிற என் பேத்தி கைப்பேசியில் தட்டித் தட்டிப் பார்க்கட்டும். அதன் பெருக்கலை நான் மனசிலிருந்தே சொல்வேன். இரண்டாம் வகுப்போடு நின்றவள்தான், அதனால் என்ன?

நான் சிறுமியாக இருந்தபோது, அக்காவைப் பெண் பார்க்கத் தன் அம்மாவோடு வந்தவர் துறைமுகத்தில் கிராணி, கணக்கெழுதுகிற குமாஸ்தா. தேக்கா கடைத்தெருவில் ஒரு கடைக்கு மேல்மாடியில் எங்கள் வீடு. காப்பி வரும்வரை அந்த மனிதர் சும்மா இருந்திருக்கலாம். என் சிலேட்டை வாங்கி அந்த எண்ணை எழுதினார்: 142857. இரண்டால் பெருக்கினார், 285714. மூன்றால் பெருக்கினார், 428571. அதே ஆறு எண்கள், வரிசைகூடக் கலையவில்லை. ஒவ்வொரு தடவையும் வேறு ஒன்று முன்னால் நிற்க, மற்றவை கோயிலைச் சுற்றுகிற மாதிரி பின்னாலேயே வந்தன. ஆறால் பெருக்கும்வரை அப்படியே. அப்பா எட்டிப் பார்த்து, ஏதோ லாரி நம்பர் என்று நினைத்துத் தலையாட்டினார்.

அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. எண்ணையே கட்டி ஆட்டுகிறவன் நம் பிள்ளையை விடுவானா, இது மந்திரவாதியின் வேலை, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று அடுப்படியில் வந்து முணுமுணுத்துக் கேசரித் தட்டை மூடினாள். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. வந்தவர்களையெல்லாம் வேண்டாம் என்றவள், இவரைத் திரைச்சீலை இடுக்கில் பார்த்துவிட்டுத்தான் தோட்டைச் சரி செய்துகொண்டாள்.

பெண் பார்க்கிற நாளில் பெண் வாய் திறக்கக் கூடாது. அதனால் என்னை இழுத்துக் காதில் சொன்னாள்.

"ஆறு நம்பர்தான் இருக்கு. ஆறும் ஒருதரம் முன்னால நின்னுடுச்சு. இனி யாரு நிப்பா? மந்திரம்னா வரும், கணக்குன்னா வராது. போய் ஏழால பெருக்கச் சொல்லுடி."

ஒன்றும் புரியாமல் போய்ச் சொன்னேன். ஆறோடு நிறுத்தினால்தான் வேடிக்கை என்று அவர் சிரித்துப் பார்த்தார். நான் நகரவில்லை. பெருக்கினார். 999999.

ஒன்றைக் காணோம், இரண்டைக் காணோம். சுற்றி வந்தவை எல்லாம் எங்கே போயின? நான்தான் கெடுத்துவிட்டேன், அக்கா கல்யாணமும் போச்சு என்று எனக்கு அழுகை முட்டியது. உள்ளே அம்மாவோ, "ஏழுக்கே படுத்துடுச்சே. வெறும் கணக்குதான் லா," என்று கேசரியைத் திறந்தாள்.

அவர் குனிந்து என்னிடம் கேட்டார். "யாரும்மா கேக்கச் சொன்னா?"

நான் திரைச்சீலையைக் காட்டினேன்.

வீட்டுக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று அவருடைய அம்மா முறைப்படி எழுந்தார். இவர் எழுந்திருக்காமலே, "எனக்குச் சம்மதம்," என்றார். அந்தம்மா அவர் கையைக் கிள்ளியதை நான் பார்த்தேன்.

வித்தையைக் கெடுத்தவளைக் கட்டிக்கொள்ள இவருக்கு என்ன இவ்வளவு அவசரம் என்று எனக்கு விளங்கவில்லை. பாவமாக இருந்தது. எச்சில் தொட்டு ஒன்பதுகளை அழித்து, பழைய எண்ணை ஒழுங்காக எழுதி அவர் முன்னால் நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. திரைச்சீலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.