முழுவதும் ஒப்புக்கொள்கிறேன்

செஞ்சிக் கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஏறுகிறார்கள், மூச்சு வாங்குகிறார்கள், படம் எடுக்கிறார்கள், இறங்கிப் போய்விடுகிறார்கள். படிப்பகத்தைப் பார்க்க வருகிறவர்களைக் கண்டால்தான் எனக்கு ஆகாது. கையில் தாள்கட்டோடு வந்து, படித்துக்கொண்டிருப்பவளைத் தொந்தரவு செய்து, நீ எப்படிப் படிக்கிறாய் என்று கேட்டு, அவள் சொன்னதைச் சதவீதமாக்கி எடுத்துக்கொண்டு போகிற கூட்டம். இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன்.

நூலக அறிவியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருந்தேன். என் நெறியாளர் துறையில் பெரிய கை. அவரிடம் வந்த எல்லோரும் ஒரே ஆய்வைத்தான் செய்தார்கள். ஊர் மட்டும் மாறும். இன்ன ஊர் வாசகர்களின் தகவல் தேடும் பழக்கம், ஓர் ஆய்வு. வினாத்தாளும் ஒன்றுதான். எனக்கு முன்னால் முடித்தவரிடமிருந்து கோப்பு எனக்கு வந்தது. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக்கொள் என்றார் நெறியாளர். மாற்றிக்கொண்டேன். வெளியே இதே துறையில், இயந்திரம் எழுதித் தரும் பதிலை வாசகர் எவ்வளவு நம்புகிறார், பொய்த் தகவலை எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்றெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் மின்விசிறி போதுமா என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

செஞ்சியில் நான் பிடித்த இடம் ஒரு தனியார் படிப்பகம். அரிசி ஆலைக் குடும்பம் ஒன்று எப்போதோ தொடங்கிவைத்தது. இப்போது ஒரு கமிட்டி நடத்துகிறது. ஒரே கூடம், நீள மேசைகள், சுவரோரம் யாரும் தொடாத புத்தக அலமாரிகள். வருகிறவர்கள் எல்லாம் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவலூர்பேட்டைப் பக்கத்திலிருந்தும் பனமலைப் பக்கத்திலிருந்தும் முதல் பேருந்தில் வந்து இறங்கி, கதவு திறக்கும் வரை வாசலிலேயே நின்று படிப்பார்கள். ஒவ்வொருத்தி முன்னாலும் ஒரு தண்ணீர் பாட்டில் இருக்கும். காலையில் இருந்த அளவே சாயங்காலமும் இருக்கும். பார்த்தேன். அது தகவல் என்று எனக்குத் தோன்றவில்லை. என் வீடு நாலு தெரு தள்ளி இருந்தது. எனக்கு எது தேவையென்றாலும் வீட்டுக்குப் போய்விடுவேன்.

அந்தக் கூடத்துக்கு ஒரு தலைவி இருந்தாள். அவலூர்பேட்டைப் பக்கத்துக் கிராமத்துக்காரி, என்னைவிடச் சற்றுப் பெரியவள், பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு வருகிறவள். ஒவ்வொரு தேர்வு முடிந்ததும், தேர்வாணையம் விடைக்குறிப்பை வெளியிடுவதற்கு முன்பே, எல்லோரும் கடைசி மேசையில் அவளைச் சுற்றி உட்கார்ந்து ‘கீ’ போடுவார்கள். எந்தக் கேள்விக்கு எந்த விடை என்று வாதாடி முடிவு செய்கிற அந்த வேலையில் அவள் சொல்வதுதான் கடைசி. பிறகு வரும் அதிகாரபூர்வ விடை வேறாக இருந்தால், ஆணையம்தான் தப்பு என்பார்கள். அதை எதிர்த்து மனுப் போடுவார்கள்.

இவர்களிடம்தான் என் வினாத்தாளைக் கொடுத்தேன். பெயர் எழுத வேண்டாம், அவசரமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோய் நிரப்பிக்கொண்டு வாருங்கள் என்றேன். மறுநாள் காலையில் ஒரு தாள் குறையாமல், ஒரு மூலை மடங்காமல் திரும்பி வந்தன. எந்த ஆய்வாளருக்குக் கிடைக்கும் இந்த அதிர்ஷ்டம் என்று பூரித்துப்போனேன்.

கணினியில் ஏற்றும்போதுதான் விஷயம் புரிந்தது. பார்த்த இடமெல்லாம் ‘முழுவதும் ஒப்புக்கொள்கிறேன்’. அங்கொன்றும் இங்கொன்றுமாக ஓரிரண்டு ‘ஒப்புக்கொள்கிறேன்’. நகரத்து நூலகத்துக்காகத் தயாரித்த வினாத்தாளில் நான் எடுக்க மறந்த கேள்வி ஒன்று இருந்தது: ‘மின்தூக்கி வசதி போதுமானதாக உள்ளது.’ எங்கள் படிப்பகத்துக்கு மாடியே கிடையாது. அதற்கும் முழுவதும் ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

போய்க் கேட்டேன். தலைவி கொஞ்சமும் அசரவில்லை. கீ போட்டோம் மேடம் என்றாள். “கவர்மெண்ட் திட்டத்தப் பத்தி கேள்வி வந்தா, கொறை சொல்ற ஆப்ஷன் என்னைக்காவது கரெக்டா இருந்துக்குதா? இதுவும் அந்த மாதிரிதான இருக்குது. எல்லாரும் ஒரே மாதிரி போட்டா காப்பினு தெரிஞ்சிடும். அதான் ஆளுக்கு ரெண்டு மாத்திக்கச் சொன்னேன்.”

கழிப்பறை வசதி நிறைவாக உள்ளது என்ற கேள்விக்கும் அதே விடைதான். படிப்பகத்தில் கழிப்பறையே இல்லையே என்று கேட்டேன். கமிட்டி கோபித்துக்கொண்டு பூட்டிவிட்டால் நாங்கள் எங்கே போவது என்று திருப்பிக் கேட்டாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

நெறியாளரிடம் இந்தத் தரவு பொய் என்று சொன்னேன். அவர் என் அட்டவணைகளைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தார். சராசரி இவ்வளவு நன்றாக வந்து அவர் பார்த்ததில்லையாம். மின்தூக்கிக் கேள்வியை மட்டும் எடுத்துவிடு என்றார். “சொன்னது அவங்க. எண்ணுறதுதான் நம்ம வேலை. அவங்க மனசுக்குள்ள போய்ப் பாக்குறதுக்கு நமக்கு யாரும் பட்டம் தரல.” இத்தனை வருடம் பேராசிரியராக இருந்து அவர் கண்டுபிடித்தது இவ்வளவுதான். அவருடைய அறையில் அவருக்கென்று தனிக் கழிப்பறை இருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அதன் பிறகு தாளில்லாமல் போய் அவர்களோடு உட்கார ஆரம்பித்தேன். மதியம் பெண்கள் கூட்டமாக எழுந்து வெளியே போவார்கள். சாப்பிடப் போகிறார்கள் என்று முன்பு நினைத்திருந்தேன். பேருந்து நிலையத்துக் கழிப்பறை வரை நடக்கிறார்கள். போகவும் வரவும் வெயிலில் நல்ல நடை. நானும் நடந்தேன். என் ஆய்வேட்டில் இல்லாத தகவல் தேடல் அத்தனையும் அந்த வழியில் இருந்தது. புது அறிவிக்கை வந்திருப்பதை அங்கேதான் சொல்லிக்கொண்டார்கள். எந்தச் சான்றிதழுக்கு எந்த அலுவலகம், அங்கே யாரிடம் போனால் அலையவிட மாட்டார்கள், கைபேசியில் சுற்றும் வினா-விடையில் எது புளுகு, எல்லாம் அந்த வழியில்தான். ஒருத்தி சட்டப்பிரிவுகளை ஒப்பித்துக்கொண்டே வருவாள். தப்பினால் பின்னால் வருகிறவள் திருத்துவாள். நடக்க முடியாத நாட்களில் அவர்கள் படிப்பகத்துக்கே வரமாட்டார்கள். மாதத்தில் அந்தச் சில நாட்கள் வீட்டில் படிப்பு ஓடாது. தேர்வில் மயிரிழையில் போகிற மதிப்பெண் அங்கேதான் போனது.

இதை ஓர் அத்தியாயமாக எழுதிக் கொடுத்தேன். இதுவரை நான் எழுதியதில் உருப்படியானது அது ஒன்றுதான். நெறியாளர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, கக்கூஸுக்குப் போகிற வழியை எல்லாம் ஆய்வேட்டில் எழுதுவாயா என்று கேட்டார். பக்கத்து நாற்காலியில் இருந்தவர் சிரித்தார். அத்தியாயம் அங்கேயே செத்தது.

சரி, ஆய்வேடு எக்கேடும் கெடட்டும், கழிப்பறையாவது வரட்டும் என்று, கமிட்டிக்கு மனு எழுதச் சொன்னேன். படிப்பகத்துக்குப் பின்னால் காலி இடம் சும்மாதான் கிடந்தது. பெண்கள் பயந்தார்கள். கையெழுத்துப் போட்டால் ஒன்றும் ஆகாது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வீராப்பாகச் சொன்னேன். தலைவிதான் முதலில் போட்டாள்.

நான் வாயளந்துகொண்டிருந்த அதே வாரத்தில் நெறியாளர் பழைய அட்டவணைகளை வைத்துக் கட்டுரையை வெளியிட்டிருந்தார். அவர் பெயர் முதலில், என் பெயர் பின்னால். அனுப்பட்டுமா என்று முன்பே கேட்டிருந்தார். இப்போதைக்கு வேண்டாம் என்று நான் சொன்னதை, அடக்கத்தால் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டாராம். அதோடு விடவில்லை. அச்சுப் பிரதியைக் கமிட்டிக்கும் அனுப்பிவைத்தார். கமிட்டி அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, கூடத்தில் கடைசி மேசைக்கு நேர் மேலே மாட்டியது. படிப்பகத்தின் அடிப்படை வசதிகள் குறித்து வாசகர்கள் முழு நிறைவு கொண்டுள்ளனர் என்ற வரிக்கு யாரோ மஞ்சள் தீட்டியிருந்தார்கள். மனுவோடு போன பெண்களுக்குக் கமிட்டிச் செயலாளர் அந்தச் சட்டத்தைக் கைகாட்டினாராம்.

தலைவி என் வீட்டுக்கே வந்துவிட்டாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“பேர் போட மாட்டேன்னீங்க. போடல, சரி. பேர் இல்லாமயே எங்கள வித்துட்டீங்க.”

எனக்கும் ரத்தம் கொதித்தது. கீ போட்டது யார் என்று கேட்டேன். இல்லாத கழிப்பறைக்கு நிறைவு என்று கூடத்தையே போட வைத்தது யார் என்று கத்தினேன். அவள் கத்தவில்லை.

“நாங்க பயந்துக்கினு போட்டோம். நீங்க இன்னாத்துக்கு பயந்துக்கினு அச்சுல போட்டீங்க?”

அவள் போன பிறகு, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று இதழுக்கு எழுதினேன். ஆசிரியர்கள் இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று பதில் வந்தது. நெறியாளரிடம் போனேன். பதவி உயர்வுக் கோப்பில் அந்தக் கட்டுரையை அவர் ஏற்கெனவே வைத்துவிட்டிருந்தார். எனக்கு ஆராய்ச்சி மனம் இல்லை என்று அமைதியாகச் சொன்னார். அடுத்து வந்த என் ஆய்வு முன்னேற்ற அறிக்கைகளில் அவர் கையெழுத்துப் போடவில்லை. கையெழுத்து இல்லாமல் பதிவு காலாவதியானது. என் நைனா மட்டும் தெருவில் விசாரிக்கிறவர்களிடம் இன்னும் ‘கடைசி வருசம்’ என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இப்போது நானும் அதே கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். நூலகர் பணிக்குத் தேர்வு வருமென்று சொல்கிறார்கள். முதல் நாள் போனபோது யாரும் நகர்ந்து இடம் தரவில்லை. தலைவி தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டு வருகிறேன். தேவைக்கு வீட்டுக்கு ஓடுவதில்லை, அவர்களோடு நடக்கிறேன். எங்கள் தலைக்கு மேல் சட்டம் தொங்குகிறது. மஞ்சள் இன்னும் வெளுக்கவில்லை.

போன மாதம் புதிதாக ஒரு பெண் தாள்கட்டோடு வந்தாள். என் நெறியாளரின் மாணவி. தரவு நன்றாக வருகிற ஊர் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். நான் அவரிடம் முன்னால் இருந்தவள் என்று அவளுக்குத் தெரியாது. என் பெயரையெல்லாம் துறையில் யாரும் சொல்வதில்லை போலிருக்கிறது. தாளை வாங்கிப் பார்த்தேன். என் வினாத்தாள்தான். மின்தூக்கிக் கேள்வியை மட்டும் காணோம். துறைக்கு நான் செய்த ஒரே பங்களிப்பு அது.

எல்லோருக்கும் கொடுத்து முடித்துவிட்டு, காலையிலிருந்து நின்றிருந்த அந்தப் பெண் என்னிடம் குனிந்து கேட்டாள். “அக்கா, இங்க ரெஸ்ட் ரூம் எங்க இருக்குது?”

கூடமே தலையைத் தூக்கியது. அவளுடைய தாளிலேயே அந்தக் கேள்வியை விரலால் காட்டினேன். புரியாமல் நின்றாள். தலைவி எழுந்து அவள் கையிலிருந்த மிச்சத் தாள்களை வாங்கி மேசையில் வைத்தாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடக்கணும், வா என்று கூட்டிக்கொண்டு போனாள்.

அவர்கள் திரும்புவதற்குள் கூடம் வேலையை முடித்துவிட்டது. யாரும் கலந்து பேசவில்லை. கீ பழையதுதானே, எல்லோருக்கும் மனப்பாடம். நான் மட்டும் கழிப்பறைக்கு எதிரே ‘முழுவதும் மறுக்கிறேன்’ என்ற கட்டத்தில் பேனாவை அழுத்திக் கோடு போட்டேன்.

அந்தப் பெண் முகமெல்லாம் வேர்த்து வந்து உட்கார்ந்தாள். துப்பட்டாவால் துடைத்துக்கொண்டே தாள்களைப் புரட்டினாள். என் தாளில் நின்றாள். மறுபடி மற்றவற்றைப் பார்த்தாள்.

“அக்கா, எல்லாரும் ஒண்ணு போட்டிருக்காங்க. நீங்க மட்டும் மாத்திப் போட்டிருக்கீங்க. கவனிக்காம டிக் பண்ணிட்டீங்களா?”

கவனித்துத்தான் போட்டேன் என்றேன். அவள் என் தாளைத் தனியே எடுத்து நோட்டுக்கு அடியில் செருகினாள். மற்றதைத் தட்டி ஒழுங்காக அடுக்கினாள். பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துத் திறந்தாள். வாய்வரை கொண்டுபோனவள், வாசலைப் பார்த்துவிட்டு, குடிக்காமல் மூடி வைத்தாள்.