அத்தைக்கு இரண்டு பெயர், வழக்குக்கு நான்கு வருடம்

"ஆறு மாசம் டீச்சரே, கூடிப்போனா எட்டு" என்றார் வக்கீல். அன்றைக்கு என் தலைமுடியில் பாதியாவது கறுப்பாக இருந்தது. உயில் செல்லும் என்ற புரோபேட் உத்தரவு கைக்கு வந்தபோது நான்கு வருடமும் இரண்டு மாதமும் ஓடியிருந்தன. தலைமுடியைப் பற்றிக் கேட்காதீர்கள். ஆனால் ஜெயித்தோம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சொல்லச் சொல்ல எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

அத்தை என் அப்பாவின் அக்கா. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் முப்பது வருடம் வேலை பார்த்தாள். நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே கிள்ளிப்பாலத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு வீடு வாங்கியிருந்தாள். துணைக்கு இருந்தது ஒரே ஒருவர், போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து மலையிறங்கி வந்தவர். நான் அவரை அக்கா என்பேன். சமைக்க வந்தவர் இருபத்திரண்டு வருடம் கூடவே இருந்தார். போவதற்கு அவருக்கு வேறு இடம் கிடையாது. அதனால் அத்தை தன் வீட்டை அவருக்கே உயில் எழுதி வைத்தாள். அந்த வில்லை நிறைவேற்றும் பொறுப்பை என் தலையில் கட்டினாள்.

அத்தை இறந்து வில் வெளியே வந்ததும், சென்னையில் இருக்கும் அண்ணனுக்கு, என் பெரியப்பா மகனுக்கு, இது பொறுக்கவில்லை. "வேலைக்காரிக்கு வீடா?" என்று போனில் கத்தினார். நானும் கத்தினேன். அடுத்த வாரம் கோர்ட்டில் ஆட்சேபம் போட்டுவிட்டார்.

அவர் பிடித்த பிடி லேசானதல்ல. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மூத்த பெண்ணுக்கு அப்பாவைப் பெற்றவளின் பெயரை வைப்பார்கள். வைத்த கையோடு அதை மூடியும் விடுவார்கள். மாமியார் பெயரைச் சொல்லி மருமகள் எப்படிப் பிள்ளையை அதட்டுவாள்? ஆகவே கூப்பிட வேறொரு பெயர். அத்தைக்கும் அப்படித்தான். பள்ளிக்கூடத்திலும் வீட்டுப் பத்திரத்திலும் இருந்தது வைத்த பெயர். ரேஷன் கார்டில் கூப்பிடும் பெயர். அந்த ரேஷன் கார்டைப் பார்த்துத்தான் ஆதார் முதல் மரணச் சான்றிதழ் வரை எல்லாம் வந்தன. வில்லை அவள் வீட்டுப் பத்திரத்தில் இருந்த பெயரில் எழுதியிருந்தாள். இறந்துபோனவர் வேறு, வில் எழுதியவர் வேறு, அந்தப் பெயரில் எங்கள் குடும்பத்தில் இருந்தது கொள்ளுப்பாட்டி மட்டுமே என்று அண்ணன் மனுவில் சொன்னார். அந்தக் கணக்குப்படி, நான் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்த கொள்ளுப்பாட்டி எழுந்து வந்து வில் எழுதியிருக்கிறாள்!

வில்லேஜ் ஆபீசுக்கு ஓடினேன். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று அங்கே சான்றிதழ் தருவார்கள். ஆபீசர் மலையாளம் கலந்த தமிழில் பேசினார்.

"தராம் டீச்சரே. பக்ஷே ஆளு நேர்ல வந்து அப்ளிகேஷன் கொடுக்கணும்."

"ஆளு செத்ததாலதானே சார் நான் வந்திருக்கேன்?"

"அதாணு பிரச்னம்" என்று அவர் வருத்தமாகவே சொன்னார். நல்ல மனுஷர்.

சாட்சிகளும் கைகொடுக்கவில்லை. குடும்பத்துக்குத் தெரியக்கூடாது என்று அத்தை, பத்திரம் எழுதுகிற ஆபீஸில் இருந்த இரண்டு குமாஸ்தாக்களையே கையெழுத்துப் போட வைத்திருந்தாள். ஒருவர் காலமாகிவிட்டார். மற்றவர், ஒரு வயதான அம்மா கையெழுத்துப் போட்டதைப் பார்த்தேன், முகம் ஞாபகமில்லை என்றார். நான் கொடுத்த அத்தையின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை, வேறு யாருடையதோ என்று அண்ணனின் வக்கீல் தள்ளினார். அது கோர்ட் பீரோவுக்குள் போனது. பிறகு வாய்தா, வாய்தா, வாய்தா. ஜட்ஜ் மாறினார், ஸ்ட்ரைக் வந்தது, ஓணம் வந்தது. அண்ணன் ஒவ்வொரு முறையும் தம்பானூரில் லாட்ஜ் எடுத்துத் தங்கி, என் முகத்தைப் பார்க்காமல் ரயிலேறினார்.

வாய்தா முடிந்து நான் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அக்கா ஒரே கேள்விதான் கேட்பார். "டீச்சர், நான் இருக்கலாமா, போணுமா?" அந்தக் கேள்விக்குப் பயந்தே சில நாட்கள் நான் நேரே என் வீட்டுக்குப் போயிருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

நான்காவது வருடம் அக்காவைக் கூண்டில் ஏற்றினார்கள். அத்தையின் வைத்த பெயர் தனக்குத் தெரியாது என்று அவர் சொன்னதும், அண்ணனின் வக்கீல் ஜூனியர்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"இருபத்திரண்டு கொல்லம் கூட இருந்தீங்க. அவங்களோட சரியான பேரு நிங்களுக்கு அறியில்லா. பின்னே என்னதான் அறியாம்?"

அக்கா யோசிக்கவே இல்லை. "பேரு எனக்கு எதுக்கு சாரே? நான் அம்மான்னு கூப்பிட்டேன். கடைசி ஒன்றரை வருஷம் நாந்தான் குளிப்பாட்டினேன். வலது தோளுக்குப் பின்னால மிளகாட்டம் ஒரு மச்சம். இடது முழங்காலுக்குக் கீழ நீளமா ஒரு தழும்பு. சின்னதுல விறகு குத்தினதாம். அதுல சோப்பு போட்டா அம்மாவுக்குக் கூசும், சிரிப்பாங்க."

ஜட்ஜம்மா தலை நிமிர்ந்தார். பீரோவிலிருந்து எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை எடுத்து வரச் சொன்னார். முதல் பக்கத்தில் அங்க அடையாளங்கள் என்று இரண்டு வரி இருக்கும். வலது தோளில் மச்சம், இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு. அவர் அதைச் சத்தமாக வாசித்தார். புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. அக்காவுக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது.

என் லட்சணத்தையும் சொல்ல வேண்டும். நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வகுப்பில் வரிசையாக நிற்கவைத்து, மச்சம் எங்கே, தழும்பு எங்கே என்று தேடி அந்த இரண்டு வரியை எழுதிய டீச்சர் நான். அத்தையின் புத்தகத்தில் பெயரை மட்டும் பார்த்துவிட்டு மூடியிருந்தேன். என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

வெளியே வந்ததும் எங்கள் வக்கீல் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நான் கேட்டிருந்தா, சொல்லிக்கொடுத்த சாட்சின்னு சொல்லியிருப்பாங்க. எதிர் வக்கீலே கேட்டாரில்லியோ!" அண்ணனின் வக்கீல் அன்று கோர்ட் கேன்டீன் பக்கம் வரவில்லை. நான் வேண்டுமென்றே வாழைப்பழ பஜ்ஜி, அதாவது பழம்பொரி, இரண்டு வாங்கி, எல்லாரும் பார்க்க நின்றுகொண்டே தின்றேன்.

அதற்குப் பிறகும் உத்தரவு வர ஐந்து மாதம். வந்ததும் வில்லேஜ் ஆபீஸில் பேர் மாற்றி, அக்கா பெயரில் நிலவரி ரசீது வாங்கினோம். அக்கா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, என்னை உட்காரவைத்துச் சோறு போட்டார். சிறு வயதிலிருந்து யாரையும் கேட்காமல் நான் அலமாரி திறந்த வீடு அது. சாப்பிட்டுக் கிளம்பும்போது வாசல்வரை வந்தார்.

"எப்ப வேணும்னாலும் வாங்க டீச்சர். கூச்சப்படாதீங்க. உங்க வீடா நினைச்சுக்கோங்க."