அக்காவின் மிஷினில் அக்காவின் முகம்

எங்கள் அக்கா பிறந்தது உசிலம்பட்டிப் பக்கம், வாழ்க்கைப்பட்டது பழங்காநத்தம். பிளாஸ்டிக் கவர்களில் அச்சடிக்கும் ஃப்ளெக்சோ மிஷினை அத்தானும் அவரும் வாங்கியபோது, சொந்தக்காரர்கள் கல்யாணப் பத்திரிகையோடு வந்து நின்றார்கள். அக்கா அடித்துத் துரத்தாத குறைதான்.

"முந்நூறு பத்திரிகைக்கு இங்க ஏன் வாரீக? ஆப்செட் பிரஸ்ஸுக்குப் போங்க. ஒரே படம் கவர்லயோ லேபிள்லயோ ஆயிரக்கணக்குல ஓடணும்னா மட்டும் எங்கிட்ட வாங்க."

அந்த மிஷினில், எழுத்தும் படமும் மேடாக நிற்கிற, ரப்பர் போல வளையும் பிளேட்டை உருளையில் சுற்றி ஒட்டுவார்கள். நுண்ணிய குழிகள் கொண்ட இன்னொரு உருளை, மையை அளவாக எடுத்து அந்த மேடுகளில் தடவும். ஓடுகிற பிளாஸ்டிக் சுருளைப் பிளேட் தொட்டு விலகும். மை சட்டென்று காய்ந்துவிடும்.

முதல் ஆர்டர் எங்கள் தெரு மாவுக்கடை அண்ணாச்சியுடையது. மாவு கவரில் தன் முகம் வரவேண்டும் என்றார். உருளையில் சுற்றும்போது பிளேட் இழுபடும். படத்தை முன்கூட்டியே கொஞ்சம் குறுக்கிக்கொள்ள வேண்டும். அக்கா மறந்துவிட்டார். போதாக்குறைக்கு, அச்சு நன்றாக விழட்டுமென்று பிளேட்டை அமுக்கியும் வைத்தார். முகம் நீண்டு, மீசை தடித்து வந்தது.

"ஏத்தா, இது நானா, எங்க தாத்தாவா?" என்றார் அண்ணாச்சி.

அக்கா அன்று சாப்பிடவே இல்லை. மறுநாளே புதுப் பிளேட் செய்யக் கொடுத்து, முழுவதையும் திரும்ப அடித்துக் கொடுத்தார். அதற்குப்பின் மிஷின் பக்கம் யார் நின்றாலும் ஒரே பேச்சு: "அமுக்காதீக, தொட்டாப் போதும்." கவர் வாங்க வந்து மிஷினை எட்டிப் பார்க்கும் அண்ணாச்சிக்குத்தான் அதிகம் வசவு.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் அவர் காலைப் பிடித்துவிடப் போனேன். "அமுக்காதடி, தொட்டாப் போதும்" என்றார். சிரித்துவிட்டு, வெளியே வந்து அழுதேன்.

அவர் போனபின் அத்தானுக்கு ஒரே ஆசைதான். "அம்புட்டு வருசம் அந்த மிஷினோட கெடந்தா. ஒரு தடவையாச்சும் அவ மூஞ்சி அதுல வரட்டும்." ஆனால் அக்காவின் நினைவாக நாங்கள் போடும் இந்த மலர் முந்நூறு பிரதிதான், அக்காவின் சட்டப்படி ஆப்செட்டுக்குத்தான் போக வேண்டும். அத்தான் வாடிப்போனார். விஷயம் கேள்விப்பட்டு அண்ணாச்சியே வந்தார்.

"இந்த மாசம் என் கவர்ல எம் மூஞ்சி வேணாம். அவுக படத்தைப் போடுங்க. ஆயிரக்கணக்குல ஓடட்டும்."

அத்தான் படத்தைக் குறுக்கும் கணக்கை மூன்று முறை போட்டுப் பார்த்தார்.

அக்காவைக் கவனித்துக்கொண்ட நர்சுகளுக்கும், வீட்டுக்குச் சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், இந்த மலரை அடித்துக் கொடுத்த ஆப்செட்காரருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணாச்சிக்கு நன்றி சொல்ல, அச்சான கவரோடு நானே அவர் கடைக்குப் போனேன். முதல் கவரைக் கையில் வாங்கி அவர் வெகுநேரம் பார்த்தார்.

"நீளல, தடிக்கல, அளவாத்தான் இருக்கு. ஆனா உங்கக்கா இம்புட்டு நேரம் என்னைய வையாம இருந்து இன்னிக்குத்தான்த்தா பாக்குறேன்."