மேலே ஏறிய மோட்டார்

சங்கிலிப்பாண்டி கடலைப் பார்த்ததே கல்யாணத்துக்கு அப்புறம்தான். அப்படிப்பட்டவன் தூத்துக்குடியில் படகு மெக்கானிக் ஆகிவிட்டான் என்று கேள்விப்பட்டதும் ராஜபாளையத்தில் அவன் தெருவே சிரித்தது. எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தவள் அவன் அக்கா இருளம்மாள்.

அதற்கு முன்னால் அவனுக்குக் கிணறுதான் உலகம். மாம்சாபுரம், வத்திராயிருப்பு, பிளவக்கல் பக்கம் எந்தத் தோப்பில் மோட்டார் மக்கர் செய்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். இந்தப் பக்கத்து வெட்டுக்கிணறுகளில் பாதி ஆழத்தில் ஒரு திட்டு இருக்கும். மோட்டார் அதில்தான் உட்கார்ந்திருக்கும். ஐப்பசி மழை பிடித்துக் கிணறு ஊறத் தொடங்கினால் மோட்டாரைச் சங்கிலி போட்டு மேலே தூக்கியாக வேண்டும். ஒரு நாள் சோம்பல்பட்டால் முங்கிப்போகும். அவன் அப்பாவின் மோட்டார் அப்படித்தான் ஒரு மழையில் முங்கியது. கருகிய செம்புக் கம்பிக் காயிலை மடியில் போட்டுக்கொண்டு அந்த மனுஷன் செத்த வீட்டில் உட்கார்ந்திருப்பதைப் போல உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்து வளர்ந்தவன் சங்கிலிப்பாண்டி. மோட்டார் என்றால் தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும். அவனுக்குச் சாமி ஒன்று, இது ஒன்று.

படகுக்குப் போன பிறகும் அந்தப் புத்தி அவனை விடவில்லை. வந்த வினையும் அதனால்தான்.

கார்த்திகை மாசம், குலசாமிக்குக் கிடா வெட்டு. செண்பகத்தோப்புப் போகும் வழியில் பங்காளியின் மாந்தோப்புக்குள் சாமி இருக்கிறது. சங்கிலிப்பாண்டி லீவு போட்டு வந்திருந்தான். அவன் பெண்டாட்டி யோகேஸ்வரி அண்டாவில் கறியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். இருளம்மாள் வெங்காயம் உரித்தபடி வந்தவர் போனவரை எல்லாம் வைதுகொண்டிருந்தாள். அப்போது போன் அடித்தது. மலையடிவாரம் என்பதால் தோப்பில் சிக்னல் வந்து வந்து போகும். கிணற்று மேட்டில் மட்டும் கொஞ்சம் நிற்கும். அவன் அங்கே ஓடினான்.

பேசியது யோகேஸ்வரியின் தம்பி சமுத்திரம். சங்கிலிப்பாண்டி சொல்லித்தான் முதலாளி அவனைத் தன் உல்லாசப் படகில் வேலைக்கு எடுத்தார். மச்சான் லீவில் போன நாளில் இருந்து எல்லாம் அவன் பொறுப்பு.

"மச்சான், ஏசி நின்னு போச்சு. பிரசர் கூடிப்போச்சுன்னு எழுத்துக் காட்டுது."

"மொதலாளி சாயங்காலந்தானலே வாராரு? பதறாத."

"இல்ல மச்சான், மத்தியானமே வாராராம். வெளியூர்க்காரவியளக் கூட்டிட்டு வாராரு. வரும்போது ஏசி ஓடலைன்னா, நீ சட்டையப் போட்டுக்கிட்டு ஊருக்கு பஸ் ஏறிருன்னுட்டாரு. அன்னைக்குத் தெரியாமப் படகுக் கயித்த அவுத்து விட்டதுலயே எம்மேல கடுப்பா இருக்காரு."

ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் யோகேஸ்வரிக்கும் கேட்டுவிட்டது. கரண்டியோடு வந்து நின்றாள். இந்த வேலையை நம்பித்தான் தம்பிக்குப் பெண் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

"அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் உங்கள்ட்டதான் கேப்பேன்," என்றாள்.

"ஏட்டி, கறி அடிப்பிடிக்கப் போவுது பாரு," என்று இருளம்மாள் கத்தினாள். யோகேஸ்வரி அசையவில்லை.

படகு ஏசி வீட்டு ஏசி மாதிரி சூட்டைக் காற்றில் விடுவதில்லை. கடல் தண்ணீரில் விடும். படகின் அடியில் இருக்கும் வால்வு வழியாகத் தண்ணீர் வந்து, சல்லடை டப்பாவில் தூசி தங்கி, சின்ன பம்பு வழியாக ஏசிக்குள் போய், சூட்டை வாங்கிக்கொண்டு பக்கவாட்டு ஓட்டையில் வெளியே விழும். தண்ணீர் வராவிட்டால் ஏசி கொதித்து நின்றுவிடும். ஆக, கோளாறு ஏசியில் இருக்காது, தண்ணீரில்தான் இருக்கும் என்பது சங்கிலிப்பாண்டிக்கு உடனே விளங்கிவிட்டது.

"வெளிய எட்டிப் பாரு மாப்ள. ஓட்டையில தண்ணி விழுதா?"

"சொட்டுக்கூட இல்ல."

"பம்பு ஓடுதா?"

"ஓடுது. கைய வச்சா சுடுது."

"ஆஃப் பண்ணு மொத! சல்லடையக் கழுவுனியா?"

"கண்ணாடி மாதிரி இருக்கு மச்சான்."

"அப்பக் காத்து அடைச்சிருக்கு. பம்பு வாய்க்குள்ள தண்ணிய ஊத்தி, மூடிட்டுப் போடு."

கிணற்று மோட்டாருக்குச் செய்கிற அதே வைத்தியம். போனிலேயே கேட்டது, பம்பின் சத்தம் கனத்து இறங்குவது. "விழுது மச்சான், தண்ணி விழுது!" என்றான் சமுத்திரம். சங்கிலிப்பாண்டி மீசையைத் தடவிக்கொண்டு பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் அண்டாவைக் கிண்டப் போய்விட்டாள்.

மீசையில் இருந்து கை இறங்கவில்லை, மறுபடியும் போன்.

"பக்கத்துல ஒரு பெரிய லாஞ்சு போச்சு மச்சான். அலையில படகு ஆடுச்சு. தண்ணி நின்னு போச்சு. திரும்ப ஊத்துனேன், ஓடுச்சு. திரும்ப ஆடுச்சு, நின்னு போச்சு."

இப்போது அவனுக்கு வேர்த்தது. மலைக்காற்று சிலுசிலுவென்று வீசியும் வேர்த்தது. துறைமுகத்துக்குள்ளேயே இப்படி என்றால் கடலுக்குள் போனால் என்ன கதி?

"வர்ற பாதையில எங்கயோ அடைப்பு இருக்கும். சல்லடைக்கும் பம்புக்கும் நடுவுல இருக்க ஓஸ் குழாயக் கழட்டி ஊதிப் பாரு. ஆனா கழட்டுறதுக்கு முன்னால அடி வால்வ..."

பேச்சு அறுந்தது.

போனைப் பார்த்தான். சிக்னல் இல்லை. மேட்டின் அந்தக் கோடிக்கு ஓடினான், இந்தக் கோடிக்கு ஓடினான். இல்லை. வால்வை மூடாமல் ஓஸைக் கழற்றினால் கடல் நேராகப் படகுக்குள் ஏறும். கழட்டு என்றது பையன் காதில் விழுந்திருக்கும், மூடு என்றது விழுந்திருக்காது.

"என்னாச்சு?" யோகேஸ்வரி கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"லைன் கட்டாயிட்டு."

"அதுக்கு ஏன் ஒங்க மூஞ்சி இப்படி வெளுத்திருக்கு?"

கிணற்றின் கைப்பிடிச் சுவர்மேல் ஏறி நின்று போனைத் தூக்கிப் பிடித்தான்.

"ஏலே பாண்டி, கிணத்துல விழுந்து தொலைக்காத. கெடாவும் செத்து நீயும் செத்தா எந்தச் சோத்த மொதல்ல போடுறது?" என்றாள் இருளம்மாள். அவள் வாய் அப்படி. ஆனால் எழுந்து வந்து அவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

போன் அடித்தது.

"மச்சான்..." சமுத்திரத்துக்கு மூச்சு இரைத்தது. "ஓஸக் கழட்டுனதும் குபுகுபுன்னு அடிச்சிருச்சு. கணுக்கால் மட்டும் தண்ணி. வால்வ மிதிச்சு மூடிட்டேன்."

சங்கிலிப்பாண்டி சுவரிலேயே உட்கார்ந்துவிட்டான். "அடி கிடி பட்டுதாலே?"

"இல்ல. ஆனா அடைப்பு ஒண்ணும் இல்ல மச்சான். அந்த ஓஸு கீழ கெடந்தப்ப அப்படி அடிச்சுச்சு. வால்வ மூடுறதுக்கு முன்னால பதறிப்போயி பம்பு இருக்க பலகை ஒசரத்துக்குத் தூக்கிப் புடிச்சேன், டக்குன்னு நின்னு போச்சு. எறக்குனா வந்துச்சு, ஏத்துனா நின்னுச்சு. அது என்ன கூத்து?"

சங்கிலிப்பாண்டி குனிந்து கிணற்றைப் பார்த்தான். நல்ல மழை. தண்ணீர் திட்டை மூடிவிட்டது. பங்காளியின் மோட்டார் மேலே தூக்கிக் கட்டியிருந்தது. முந்தின நாள் அதைச் சங்கிலி போட்டுத் தூக்கியதே இவன்தான்.

அதே கைதான் லீவுக்கு வருவதற்கு முன்னால் படகிலும் வேலை செய்தது. அடித்தட்டு ஈரத்தில் அந்தப் பம்பு துருப்பிடித்துக் கிடந்தது. எந்தப் புண்ணியவான் மோட்டாரைக் குழிக்குள் வைத்தான் என்று திட்டிக்கொண்டே கழற்றி, மேலே பலகையில் ஏற்றி, பெயிண்ட் அடித்து அழகு பார்த்தான். கீழேயே இருக்கட்டுமே மச்சான் என்றான் சமுத்திரம். நேத்து வந்த பய, எனக்குச் சொல்ல வந்துட்டியா என்று சங்கிலிப்பாண்டி அவன் வாயை அடைத்தான்.

கிணற்று மோட்டாருக்கு அடியில் புட்வால்வு உண்டு. ஊற்றின தண்ணீரைக் கீழே போகவிடாமல் பிடித்துக்கொள்ளும். படகுப் பம்புக்கு அது கிடையாது. உறிஞ்சவும் தெரியாது. கடல் மட்டத்துக்குக் கீழே இருந்தால்தான் தண்ணீர் தானாக வந்து அதன் வாயில் விழும். அதைத்தான் அவன் மேலே தூக்கி வைத்திருந்தான்.

அப்போதும் அவனுக்கு ஒரு சந்து இருந்தது. மொதலாளி வந்து போகும் வரை தண்ணீரை ஊற்றி ஊற்றி ஓட்டு என்று சொல்லியிருக்கலாம். நாளை போய்ச் சத்தமில்லாமல் இறக்கியிருக்கலாம். ஆனால் வெறும் வாயில் ஓடிப் பம்பு கருகினால் பழி பையன் தலையில்தான் விழும். எதிரே யோகேஸ்வரி வேறு கண்ணை எடுக்காமல் நின்றாள்.

"மாப்ள, தப்பு எம்மேல. பம்பக் கீழ எறக்கு. பழைய ஓட்டையிலயே போல்ட்டப் போடு."

"ஏசிக்குப் போற ஓஸு எட்டாதே மச்சான். நீங்க வெட்டிட்டீங்களே."

"வெட்டுன துண்டச் சல்லடைப் பக்கம் ஒட்டுப் போட்டு வச்சிருக்கேன். அதக் கழட்டி ஏசிப் பக்கம் மாட்டு. வால்வு மூடியே இருக்கட்டும். எல்லாத்தையும் முறுக்குன பொறவு தொற."

லைனைக் கட் பண்ண வேண்டாம் என்று சொல்லிவிட்டான். ஸ்பானர் விழுகிற சத்தம், சமுத்திரம் வைகிற சத்தம், தண்ணீரில் கால் அளைகிற சத்தம். நடுவில் கார்க் கதவு சாத்துகிற சத்தமும் கேட்டது. யோகேஸ்வரி சேலை முந்தியை வாயில் வைத்துக்கொண்டாள்.

"தொறக்கேன் மச்சான்... போடுதேன்..."

பம்பு உறுமியது. பிறகு சமுத்திரம் சொல்லவே தேவை இல்லாமல் கேட்டது, சளசளவென்று தண்ணீர் கடலில் கொட்டும் சத்தம்.

அதற்கு மேலே இன்னொரு குரல். "என்னடா இது, தரையெல்லாம் தண்ணி? என்ன பண்ணி வச்சிருக்க?"

"போன மொதலாளிட்ட குடு மாப்ள," என்றான் சங்கிலிப்பாண்டி.

சமுத்திரம் தயங்கினான். பிறகு கொடுத்தான்.

"ஐயா, நான் பாண்டி பேசுதேன். பம்ப மேல மாத்துனது நான். அது தப்பு. அவன் கீழயே வைக்கத்தான் சொன்னான், நாந்தான் கேக்கல. இன்னைக்கு அதச் சரி பண்ணுனது அவன். வையுறதுன்னா என்ன வைங்க."

அந்தப் பக்கம் காலடி நகர்ந்தது, தண்ணீர் விழும் சத்தம் கிட்டத்தில் கேட்டது.

"ஏசி ஓடுது. அவன் இருக்கட்டும்," என்றார் முதலாளி. "லீவு போதும். நாளைக்கு வந்து என்னைப் பாருங்க."

வையச் சொல்லியும் முதலாளி வையாமல் விட்டதுதான் சங்கிலிப்பாண்டிக்குப் பயத்தைக் கொடுத்தது. சுவரை விட்டு இறங்கினான். இருளம்மாள் வேட்டியை விட்டாள்.

"கெணத்துல கெடக்கறத மேல தூக்கித் தூக்கி, கடல்ல கெடக்கறதையும் தூக்கிட்டியாக்கும். நாளைக்கு ஒன் வேலையையும் தூக்கிருவாவ, பாத்துக்க," என்றாள்.

அவன் கை கழுவினான். பந்தியில் உட்கார்ந்தான். யோகேஸ்வரி எல்லோருக்கும் கறி வைத்தாள், அவனுக்கும் வைத்தாள். அண்டாவில் கிடந்த ஈரல் துண்டுகளை மட்டும் தூக்குவாளியில் போட்டு மூடி, அவன் இலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நாளைக்குப் போகும்போது இத என் தம்பிட்ட குடுங்க. ஒரு துண்டு கொறஞ்சாலும் எனக்குத் தெரியும்."