ஆதம்பாவாவின் உடம்பு மாறும் கதை

மருதமுனை ஆதம்பாவா, எங்கள் பக்க வழக்கப்படி, மனைவி றஹ்மத்தும்மாவின் சீதன வீட்டுக்குக் குடிவந்தவர். அவள் தறியில் நெய்து உழைத்தாள். அவர் சாய்மனைக் கதிரையில் கிடந்து விஞ்ஞானக் கதை எழுதினார். ஊரில் அதற்கு இலக்கியம் என்று பெயர்.

எண்பத்திரண்டாம் ஆண்டில் ஒருநாள் புதுக் கதையை அவளுக்கு வாசித்துக் காட்டினார். ஒரு பேராசிரியரும் ஒரு கள்ளனும் இயந்திரமொன்றால் உடம்பு மாறிவிடுகிறார்கள். பேராசிரியரின் உடம்பிலிருக்கும் கள்ளன், "இது என் வீடு" என்று பேராசிரியரையே துரத்துகிறான்.

"மனிதன் என்பது உடம்பா, உயிரா?" என்று வாசித்து முடித்தார்.

"ஊடு பொஞ்சாதிடதானே? ஆரு இரிக்கிற எண்டு அவள்தான் சொல்லணும்," என்றாள் றஹ்மத்தும்மா.

"இது ஒழுக்கப் பிரச்சின, புள்ள. நீயெண்டா ஆர உள்ளுக்கு எடுப்பாய்?"

அவள் தறியை நிறுத்தவில்லை.

"கள்ளனத்தான். அவன் ராவையிலயாவது வேலைக்குப் போவான்."