மாமன் மூக்கோடு வந்த கிளைச் செயலாளர்

தஞ்சாவூரில் நான் ஸ்டாஃப் நர்ஸாக இருந்த பிளாஸ்டிக் சர்ஜரி வார்டுக்குத் தீக்காயக்காரர்களும் உதடு பிளந்த குழந்தைகளும்தான் வருவார்கள். அழகுக்காக வந்து படுத்த முதல் ஆள், மன்னார்குடிப் பக்கத்துக் கட்சிக் கிளைச் செயலாளர் செல்வராசு. ஆபரேஷன் கவுன் கொடுத்தால், கரை வேட்டியை அவிழ்க்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம்.

மூக்கு லேசாக வளைந்திருக்கும், அவ்வளவுதான். "இதுல என்னங்க குறை?" என்றேன்.

"இது எங்க தாய்மாமன் மூக்கு சிஸ்டர். எங்கம்மா பங்கு நிலத்தைத் தரமாட்டேன்னு கோர்ட்டுல நிக்கிற ஆளு. எலக்சனுக்கு நான் ஃப்ளெக்ஸ் வச்சா, அவருதான் நிக்கிறாருன்னு ஊரே நினைக்குது!"

எங்கள் டாக்டரம்மா எல்லோரிடமும் கேட்பதை அவரிடமும் கேட்டார். "அடிபட்டா, பல்லு புடுங்கினா ரத்தம் நிக்காம போயிருக்கா? குடும்பத்துல யாருக்காச்சும்?"

"அதெல்லாம் எங்க குடும்பத்துல கிடையாதுங்க."

வழக்கமான ரத்த டெஸ்டும் நார்மல் என்றே வந்தது. மறுநாள் காலை ஸ்ட்ரெச்சரைத் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனோம். வராந்தாவில் ஒரு பெரியவர் மூச்சிரைக்க ஓடிவந்து மறித்தார். யாரென்று கேட்கவே வேண்டியதில்லை. அதே மூக்கு.

"நிறுத்தும்மா! இவனுக்குக் கத்தி வச்சா ரத்தம் நிக்காது. எனக்கும் அப்படித்தான். என் மாமன் பல்லு புடுங்கியே செத்தாரு. இப்பத்தான் இவன் அம்மா, எங்க அக்கா, அழுதுகிட்டே போன் போட்டுச்சு."

செல்வராசு எழுந்து உட்கார்ந்தார். "நம்பாதீங்க சிஸ்டர்! என் மூக்கு நேராயிடக் கூடாதுன்னு வந்திருக்காரு."

சத்தம் கேட்டு டாக்டரம்மா வெளியே வந்தார். நிலத் தகராறை நான் சொன்னதும் இருவர் பக்கமும் திரும்பினார். "நிலத்துக்காக இத்தனை வருசமா அடிச்சுக்கிறீங்களே, ஒரு ரத்தக்காயம்கூட ஆகலையா?"

"எங்க சண்டையில கம்பு, அருவா கிடையாதுங்க," என்றார் மாமா. "வரப்புக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். சேத்தை வாரி வாரி அடிச்சுக்குவோம். ரெண்டு வீட்டுக்கும் அதான் கட்டுப்பாடு."

டாக்டரம்மா செல்வராசுவைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "தங்கச்சிக்கு வரன் பாக்குறோம். அதான் வெளிய சொல்றதில்லைங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மூக்கில் கத்தி பட்ட பிறகு தெரிந்திருந்தால்? ஆபரேஷன் ரத்தானது. தனியாக எடுத்த டெஸ்டில் ஹீமோபிலியா என்று தெரிந்தது. லேசான வகை, அம்மா வழியாக வந்தது. "ரத்த நோய் ஸ்பெஷலிஸ்ட் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில, ரத்தத்தை உறைய வைக்கிற ஃபேக்டர் ஊசி போட்டுத்தான் இதைச் செய்யணும். அவசியமான்னு யோசிங்க," என்றார் டாக்டரம்மா.

செல்வராசு மாமாவைப் பார்த்து, "நான் போயிட்டா உங்களுக்கு வழக்குச் செலவு மிச்சம்தானே? ஏன் வந்தீங்க?" என்றார்.

"நீ போயிட்டா நான் யார் மேலடா சேத்தை அடிக்கிறது?" என்று கத்தினார் மாமா. கத்தும்போதே அழுதுவிட்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

பிறகொரு முறை மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில் செல்வராசுவின் ஃப்ளெக்ஸைப் பார்த்தேன். மூக்கு அப்படியே இருந்தது. கீழே வாழ்த்துவோர் வரிசையில் அதே மூக்கோடு மாமா. வழக்கு இன்னும் நடப்பதாகப் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார்.

புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ரத்தம் நிற்குமா என்று நோயாளியைக் கேளுங்கள். பிறகு அவரோடு பேச்சுவார்த்தை இல்லாத சொந்தக்காரர் யாரென்று விசாரித்து, அவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.