முன்சைக்கிள்

எங்கடை சனத்துக்கு ஒருத்தியைக் கண்டவுடனை சுகம் கேக்கத் தெரியாது. "என்ன, நல்லா உடம்பு வைச்சிட்டீர்" எண்டுதான் கதையே துவங்கும். நான் சின்ன வயசிலை இருந்து மொத்தமான ஆள். பள்ளிக்கூடத்திலை வலைப்பந்து விளையாடினனான், கோப்பையும் வாங்கினனான். எண்டாலும் கலியாண வீட்டுப் பந்தியிலை இரண்டாந்தரம் சோறு போட வாறவை என்ரை முகத்தைப் பாத்துச் சிரிச்சுப்போட்டுத்தான் போடுவினம். கோதாரியிலை போவார். அது எனக்குப் பழகிப் போச்சு எண்டு சொன்னால் பொய். ஒருநாளும் பழகேல்லை.

அதாலைதான் அந்த முன்சைக்கிள் எனக்குப் பெரிசாய் இருந்தது. இணுவில் பக்கம், ஒரு கடைக்கு மேல்மாடியிலை, கனடாவிலை இருந்து திரும்பி வந்த ஒருத்தர் ஜிம் போட்டவர். அதிலை ஒரு அறை முழுக்க ஓடாத சைக்கிள். இருந்த இடத்திலை இருந்து மிதிக்கிறது. பின்னேரத்திலை பொம்பிளையளுக்கு வகுப்பு. படிப்பிக்கிற ஆள் எல்லாருக்கும் முன்னாலை, அவையைப் பாத்தபடி ஒரு சைக்கிளிலை இருக்கவேணும். அதிலை நான் இருந்தன். அத்தனை பேரும் என்ரை உடம்பைப் பாத்துக்கொண்டு, ஆனா சிரியாமல், நான் சொல்லுறதைச் செய்தினம். இந்த உலகத்திலை எனக்கு வேறை ஒண்டும் தேவைப்படேல்லை.

முதலாளி முதலிலை ஒரு இங்கிலீஷ் வீடியோவைப் போட்டுத்தான் வகுப்பு நடத்தினவர். அதிலை ஒரு வெள்ளைக்காரி, மலை ஏறுங்கோ, மலை ஏறுங்கோ எண்டு கத்துறாள். எங்கடை பொம்பிளையள் முழிச்சுக்கொண்டு இருந்தினம். குடாநாட்டிலை மலை எங்கை கிடக்கு? சைக்கிளோடை மலை ஏறினவள் ஒருத்தி இருக்கிறாளோ? பாரத்தைக் கூட்டுற குமிழை ஒருத்தியும் தொடேல்லை. சும்மா காலை ஆட்டினதுதான் மிச்சம். நான் வந்த அண்டைக்கே மலையைத் தூக்கி எறிஞ்சன். வல்லை வெளி வந்திட்டுது, எதிர்க்காத்து, குமிழைத் திருகுங்கோ எண்டன். அவ்வளவுதான். மரமும் வீடும் இல்லாத அந்த வெளியிலை காத்து நெஞ்சிலை பிடிச்சுத் தள்ளுறது எப்பிடியெண்டு எல்லாருக்கும் தெரியும். உடம்பு தானாய்க் குனிஞ்சுது. பின்கரியரிலை அரிசி மூட்டை எண்டன், இன்னும் ஒரு திருகு. பள்ளிக்கூட மணி அடிக்கப்போகுது எண்டன், எழும்பி நிண்டு மிதிச்சினம். பாட்டுக்குப் பதிலாய்த் தவில் போட்டன். அடி ஏற ஏறக் கால் ஓடும், அடி இறங்க மூச்சு வாங்கலாம். நான் தொண்டை கிழியக் கத்தத் தேவையில்லை.

முன்வரிசையிலை புத்தூரிலை இருந்து வாற ஒரு பள்ளிக்கூட ரீச்சர். வந்த புதுசிலை முழங்கால் நோகுதெண்டு அழுதவ. அவவை நான் வகுப்பு முடிய மறிச்சு வைச்சு, கால் வைக்கிற விதத்தைத் திருத்தி, குறைஞ்ச பாரத்திலை பழக்கி, கைபிடியைப் பிடிக்காமல் படியேற வைச்சனான். அவவின்ரை வீட்டிலை மோதகம் அவிச்சால் முதல் பங்கு எனக்குத்தான் வரும். அவ என்ரை ஆள் எண்டு நினைச்சனான். நான் ஒரு விசரி.

ஒருநாள் வகுப்புக்கு முன்னம் முதலாளி கூப்பிட்டார். பக்கத்திலை ஒரு பெட்டை, முருங்கைக்காய் மாதிரி. நாளையிலை இருந்து முன்சைக்கிளிலை இந்தப் பிள்ளை இருக்கும், நீங்கள் பின்னுக்கு நிண்டு மைக்கிலை சொல்லுங்கோ எண்டார். இந்தப் பிள்ளைக்குப் படிப்பிக்கத் தெரியுமோ எண்டு கேட்டன். தெரியத் தேவையில்லையாம், இருந்தால் காணுமாம். என்ரை ஆக்கள் இதுக்கு ஒருநாளும் ஓம் எண்டு சொல்லாயினம் எண்டன். அவர் சிரிச்சார். அவைதான் கேட்டவையாம், வேணுமெண்டால் போய்க் கேட்டுப் பாக்கட்டாம்.

போய்க் கேட்டன். முன்சைக்கிளிலை ஏறி இருந்துகொண்டுதான் கேட்டன். எல்லாரும் ஒரு துளி வேர்வை வரமுதலே துவாயாலை முகத்தைத் துடைக்கினம். நான் ரீச்சரைப் பாத்தன். அவ எனக்காகக் கதைப்பா எண்டுதான் பாத்தன்.

"குறை நினையாதேங்கோ," எண்டு அவ துவங்கினா. "நீங்கள் சொல்லித் தாறதிலை ஒரு பிழையும் இல்லை. உங்களைப் பாத்துக்கொண்டு மிதிக்கேக்கைதான், இவ்வளவு மிதிச்சும் கடைசியிலை இப்பிடித்தானே இருப்பம் எண்டு மனம் விட்டுப் போகுது."

பின்வரிசையிலை ஒருத்தி களுக்கெண்டு சிரிச்சாள்.

எனக்கு அழுகை வரேல்லை, ஆத்திரம்தான் வந்தது. சரி, மிதியுங்கோ எண்டு தவிலைப் போட்டன். அண்டைக்கு வல்லை வெளி முடியேல்லை. பாலம் தெரியுது, வெளி முடியப்போகுது எண்டு ஆசை காட்டுவன். கிட்டப் போக, காத்துக் கூடிட்டுது, இன்னும் ஒரு திருகு எண்டுவன். ஒருத்தி தண்ணி எடுக்கக் கையை நீட்டினாள். வல்லை வெளியிலை தண்ணி எங்கை கிடக்கு, மிதியும் எண்டன். ரீச்சரின்ரை முழங்கால் எவ்வளவு பாரத்திலை நோகத் துவங்கும் எண்டு என்னைவிட ஆருக்குத் தெரியும்? அந்த இடத்திலைதான் அவவை வைச்சிருந்தன். அவ குமிழை மெல்ல இளக்கப் பாக்க, ரீச்சர் எங்களை ஏமாத்துறா எண்டு எல்லாருக்கும் கேக்கச் சொன்னன். வெக்கத்திலை திருப்பியும் இறுக்கினா. முகம் கோணி, கண்ணாலை தண்ணி ஓடினது. எனக்குச் சந்தோசமாய்த்தான் இருந்தது. ஒளிக்கிறதுக்கு என்ன கிடக்கு?

முடிஞ்சவுடனை நாக்கைப் புடுங்கிற மாதிரி நாலு கேள்வி கேப்பினம், நானும் குடுக்கிறதைக் குடுத்துப்போட்டு இறங்கிப் போகலாம் எண்டு இருந்தன். கை தட்டினம். இண்டைக்குத்தான் உடம்பு உருகினது எண்டு ஆளையாள் பிடிச்சுக்கொண்டு சிரிச்சினம். ரீச்சர் நொண்டி நொண்டி வந்து என்ரை கையைப் பிடிச்சா. கண் இன்னும் காயேல்லை.

"நாளைக்கும் இதே மாதிரிச் செய்யுங்கோ," எண்டு கெஞ்சினா. "பின்னுக்கு நிண்டு."

இப்ப பின்னுக்குத்தான் நிக்கிறன், ஜன்னலடியிலை, மைக்கோடை. முன்னாலை அந்தப் பெட்டை பாரமே வைக்காமல், பல்லைக் காட்டிக்கொண்டு காலை ஆட்டுறாள். வகுப்பு நிரம்பி வழியுது. உடுப்பிட்டியிலை இருந்தும் வருகினம், மெய்யான வல்லை வெளியை பஸ்ஸிலை தாண்டி. நான் ஈவிரக்கம் பாக்கிறேல்லை, அவைக்கும் அதுதான் பிடிச்சிருக்கு. குனியச் சொன்னால் குனியினம், எழும்பச் சொன்னால் எழும்புகினம். திரும்பி மட்டும் ஒருத்தியும் பாக்கிறேல்லை.